மாடு வாங்கப் போகிறீர்களா? முதலில் பல்லைப் பாருங்கள்
பொள்ளாச்சிச் சந்தையிலோ எல்லை தாண்டிக் கேரளத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமோ மாடு பிடிக்கப் போகிறவர்கள் பல்லை வைத்து வயதைச் சொல்லும் கணக்கைத் தெரிந்துகொண்டு போவது ரொம்ப நல்லது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழ்வரிசையைத்தான் பார்க்க வேண்டும். பால்பல் விழுந்து அகலமான நிலைப்பல் இரண்டு முளைத்திருந்தால் ‘இரண்டு பல்’, வயது 2 முதல் 2½ இருக்கும். நாலு பல் என்றால் சுமார் 3, ஆறு பல் என்றால் சுமார் 3½. எட்டும் முளைத்துவிட்டால் 4 தாண்டியாயிற்று. அதன்பின் பல்லின் தேய்மானத்தை வைத்துத்தான் வயதைக் கணிக்க முடியும்.

சந்தையில் காதில் விழும் சொற்களில், கிடாரி என்றால் இன்னும் கன்று ஈனாதது. தலையீத்து என்றால் முதல் ஈற்று.

அப்புறம், சினை மாடு என்று சொன்னால் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கால்நடை மருத்துவரை வைத்துப் பரிசோதித்த பிறகே விலை பேசுங்கள்.