‘கெலிங்’ என்ற சொல்லில் இடறாமல் இருக்க

மலாயிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் புதிதாக வருகிறவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் எல்லாம் பழகப் பழகப் போய்விடும், அவற்றை விட்டுவிடுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் இடறும் சொல் ஒன்று உண்டு: கெலிங். இன்றைய மலேசியாவில் ஓர் இந்தியரைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது வசை. அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டும் தெரிந்துகொண்டு எழுத உட்காருகிறவர்கள்தான் எனக்கு அதிக வேலை வைக்கிறார்கள்.

பழைய நூலில் இன்றைய வசையைத் திணிப்பது

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஒரு கண்காட்சிக்காக, மலாக்கா சுல்தான்களின் வரலாறு சொல்லும் பழைய மலாய் நூலான ‘செஜாரா மெலாயு’விலிருந்து சில பகுதிகளைத் தமிழில் தரும் பணி ஓர் இளைஞரிடம் போயிற்று. மூலத்தில் ‘பெனுவா கெலிங்’ என்று வருகிறது. கெலிங் தேசம், அதாவது தென்னிந்தியா. அவர் ‘கெலிங் என இழிவாக அழைக்கப்பட்டவர்களின் நாடு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். யாரும் மூலத்தோடு ஒப்பிடவில்லை. பலகைகள் அச்சாகிச் சுவரில் ஏறிய பிறகு, பழைய மலாய் இலக்கியம் அறிந்த பார்வையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அத்தனையையும் கழற்றி மறுபடி அச்சடித்தார்கள். “அது கெட்ட வார்த்தைதானே, ஐயா?” என்று அந்த இளைஞர் என்னிடம் கேட்டதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

இன்று கெட்ட வார்த்தைதான். அந்த நூல் 1612-இல் தொகுக்கப்பட்டபோது அல்ல. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இச்சொல், கடலுக்கு அப்பாலிருந்து வந்த தென்னிந்தியரைக் குறித்தது, அவ்வளவே. மலாக்கா சுல்தான்களின் வம்சத்தை ராஜா சூரான் என்ற இந்திய மன்னனோடு இணைத்துப் பெருமைப்படுகிற நூல் அது. தன் அரசனுடைய முன்னோரின் நாட்டை எந்த அவைப்புலவன் இழித்து எழுதுவான்? மலாக்கா வீரன் ஹங் துவாவைப் பற்றிய பழைய மலாய்க் கதையிலும் நாயகன் கெலிங் தேசத்துக்குத் தூது போகிறான். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர், அங்கிருந்த தமிழ் வணிகர்களை இதே பெயரைத் தங்கள் உச்சரிப்பில் சொல்லித்தான் குறித்தார்கள். அவ்வணிகர்களில் ஒருவரான நினா சத்துவுக்கு, சுல்தான்கள் காலத்தில் முதன்மை அமைச்சருக்குரியதாக இருந்த பெந்தஹாரா பதவியே கொடுத்தார்கள்.

சொல் கசந்தது பிற்பாடு. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியர்கள் கைதிகளாகவும் தோட்டக் கூலிகளாகவும் கூட்டம் கூட்டமாக இறங்கியபோது பெயரோடு ஏளனமும் ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூரில் இந்தியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் 1920களின் தொடக்கத்தில் கிளிங் தெரு சூலியா தெருவாயிற்று. ஆகவே, எழுதத் தொடங்குமுன் மூலம் எந்தக் காலத்தது, பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நூலாக இருந்தால் ‘கெலிங் தேசம்’ என்றே விட்டு, கீழே ஓர் அடிக்குறிப்புப் போடுங்கள். வரிக்குள்ளே உங்கள் கருத்தை நுழைக்காதீர்கள்.

சங்கிலிக் கதை

கைதிகளின் கால்விலங்கு ‘கிளிங், கிளிங்’ என்று ஒலித்ததால் இப்பெயர் வந்ததாம். மேடைப் பேச்சில் கைதட்டல் வாங்கும் கதை. சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் வந்து இறங்கியது 1825-இல். அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல் ஏட்டில் இருக்கிறது. அடிக்குறிப்பில் இந்தக் கதையைப் பார்த்தால் நான் அடித்துவிடுவேன்.

ஊர்ப்பெயரைச் சுத்தம் செய்வது

பினாங்கின் காப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒருவர் ‘இந்தியத் தலைவர் பள்ளிவாசல்’ ஆக்கியிருந்தார். அதை நம்பிப் போகிற பயணி எந்தத் தெருவில் இறங்குவார்? அங்கே தெருவின் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. மலாக்காவின் தஞ்சோங் கிளிங்கும் அப்படியே. பெயரை மாற்றும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு, மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. சுமத்ராவின் மேடான் நகரில் கம்போங் கெலிங்கை கம்போங் மெட்ராஸ் என்று மாற்றிவிட்டார்கள். அங்கே புதிய பெயரை எழுதுங்கள்.

நாவலில் வரும் வசையை மென்மையாக்குவது

வைகிறவன் வையட்டும்.

பாக்கு கெலிங்

மலாயில் ‘பாக்கு’ என்றால் ஆணி. பாக்கு கெலிங் என்பது ரிவெட் ஆணி. இயந்திரக் கையேட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை.

ஆங்கிலச் செய்தியின் ‘பரையா’

இது எதிர்த்திசைக் கண்ணி. உலக நாடுகள் ஒதுக்கிய அரசை ஆங்கிலப் பத்திரிகைகள் தயக்கமின்றி இச்சொல்லால் குறிக்கின்றன. எழுதுகிறவர்களில் பலருக்கு இது பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து போன சொல் என்று தெரியாது. தமிழில் அதை ஒலிபெயர்த்தால், செய்திக்குச் சம்பந்தமே இல்லாத மக்களை வைவதாகிவிடும். ‘ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு’ போதும்.