ஷட்டிலைப் பிழைப்பாக நினைக்கும் டெல்டா பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்ம்-அப் இல்லாமல் இறங்காதே, தண்ணீர் குடி, நேரத்துக்கு வா என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிவிடுவார். அது இங்கே வேண்டாம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருச்சி என்று இந்தப் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஒரு செட் பிள்ளைகள் செய்த தப்பை அடுத்த செட் பிள்ளைகளும் அச்சு மாறாமல் செய்கிறார்கள். இங்கே இருப்பது அந்தத் தப்புகள் மட்டும்.

ராத்திரி டோர்னமென்டில் வளர்வது

பொங்கலில் தொடங்கி கோயில் திருவிழா, கோடை விடுமுறை என்று ஏதாவது ஓர் ஊரில் சனிக்கிழமை ராத்திரி ஓபன் டபுள்ஸ் நடந்துகொண்டே இருக்கும். ஃபிளெக்ஸ் பேனர், ரொக்கப் பரிசு, பிள்ளையை விட உயரமான கோப்பை. நாக்-அவுட், ஒரே கேம். வேலை முடித்துவிட்டு ஆசைக்கு ஆடும் அண்ணன்மார்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளையை அதில் பார்ட்னராகச் சேர்த்துவிடுவதைத்தான் எத்தனை முறை பார்த்தாலும் பொறுக்க முடிவதில்லை.

அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். "நீ முன்னாடி நில்லு தம்பி, பின்னாடி நான் பாத்துக்கிறேன்" என்பார் பெரியவர். தம்பி வலைக்குப் பக்கத்தில் நின்று வருவதைத் தட்டுவான். கை வேகமானவன் என்றால் நாலு பாயிண்ட் கிடைக்கும், கைதட்டலும் கிடைக்கும். கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர். அதில் அவன் பக்கத்துப் பாதி 6.70. அந்தப் பாதியிலும் முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கை விட்டு அவன் கால் நகர்வதே இல்லை. பின்மூலைக்கு ஓடி, உடம்பைத் திருப்பி, காற்றில் கால் மாற்றி அடித்துவிட்டு நடுவுக்குத் திரும்பும் கால்வேலை 10 முதல் 14 வயதுக்குள் ஊற வேண்டியது. அந்த வயதை ராத்திரி டபுள்ஸுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு உட்கார்ந்து சேர்க்க வேண்டியதுதான். பெரும்பாலும் அது முழுசாக ஒட்டுவதில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்கும் டபுள்ஸ் சர்வீஸின் பின்கோட்டுக்கும் நடுவே 0.76 மீட்டர் பட்டை ஒன்று உண்டு. பிள்ளையைத் தன் பக்கத்துக் கடைசிக் கோட்டில் நிற்கவைத்து, உயரமாகப் போட்டுக் கொடுத்து, பத்து கிளியர் (எதிர்ப்பக்கத்துப் பின்கோடு வரை தூக்கி அடிப்பது) அடிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்து அந்தப் பட்டைக்குள் எத்தனை விழுகிறது? ராத்திரிக் கோப்பைகளால் ஷோகேஸ் நிறைந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்று, நான்குதான் போகும். மீதியெல்லாம் அரைக் கோர்ட்டில் விழுந்து, எதிராளி ஸ்மாஷ் அடிக்கத் தோதாக நிற்கும்.

கூரையும் சேர்ந்து கெடுக்கிறது. நம் பக்கத்துத் தகர ஷெட்டுகள் பல தாழ்வானவை. பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு அரங்கில் 12 மீட்டர் உயரம் கேட்கிறார்கள். இங்கே பல ஷெட்டில் அதில் பாதிதான் இருக்கும். உயரத் தூக்கினால் கூரையில் இடித்து பாயிண்ட் போய்விடும் என்பதால் எல்லோரும் தட்டையாகவே அடித்துப் பழகுகிறார்கள். அந்தப் பிள்ளை பெரிய உள்ளரங்கத்தில் முதல் தடவை இறங்கும்போது, எதிராளி தூக்கிய காக் (இறகுப்பந்து) விளக்கு உயரத்துக்குப் போய் நேர்க்குத்தாக இறங்கும். எங்கே நின்று அடிப்பது என்றே தெரியாமல் திணறுவான்.

இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் கதை இது. ஊரில் எவனாலும் ஜெயிக்க முடியாத பதினைந்து வயதுப் பையன் மாநிலப் போட்டியின் தகுதிச் சுற்றில் தன்னைவிடச் சின்னப் பையனிடம் தோற்கிறான். அந்தச் சின்னவன் ஒரு ஸ்மாஷ்கூட உருப்படியாக அடித்திருக்க மாட்டான். இரண்டு பின்மூலைக்கும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே இருந்திருப்பான். முதல் கேமை நம்மாள் எடுப்பான், இரண்டாவது கேம் பாதியில் கால் கனக்கும், மூன்றாவதில் நிற்கவே முடியாது. முறையான ஆட்டம் 21 பாயிண்ட், மூன்றில் இரண்டு கேம். 11-ல் ஒரு நிமிட இடைவெளி, கேமுக்கு நடுவே இரண்டு நிமிடம். ஒரே கேம் ஆடி வளர்ந்தவனுக்கு மூச்சைப் பங்கிட்டு ஆடத் தெரியாது. முதல் பாயிண்டிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவான்.

உடம்புக் கணக்கு தனி. முதல் ஆட்டம் ராத்திரி ஒன்பதுக்கு, அடுத்தது ஒரு மணிக்கு, அரையிறுதி விடியற்காலை நாலுக்கு. நடுவே பரோட்டாவும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். சூடு ஆறிப்போன உடம்போடு எழுந்து சிமெண்டுத் தரையில் குதித்து ஸ்மாஷ் அடிப்பான். வளரும் வயதில் முட்டிக்குக் கீழே, முன்பக்க எலும்பு புடைத்து வலிக்கும் பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறோம். ஞாயிறு முழுக்கத் தூக்கம், திங்கள் காலைப் பயிற்சியும் போச்சு.

இவ்வளவுக்கும் கையில் மிஞ்சும் காகிதத்துக்கு மதிப்பு உண்டா? மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழைப் படிவம் பார்த்துத்தான் எடுப்பார்கள்: சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டியில் மாநில அணிக்கு ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. தமிழ்நாடு அரசின் 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அங்கீகாரம் பெற்ற போட்டிகள்தான் கணக்கு. இன்னார் நினைவுச் சுழற்கோப்பைக்கு இதில் எங்கும் இடமில்லை.

"ஜெயிச்சுட்டுத்தானே வர்றான் மாஸ்டர்?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. இன்னும் விவரமானவர்கள் இந்தியாவின் சாத்விக்–சிராக் டபுள்ஸ் ஜோடியைக் காட்டுவார்கள். டபுள்ஸில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார்கள், ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்கள், எல்லாம் உண்மை. ஆனால் சாத்விக் பின்பக்கத்திலிருந்து குதித்து இறக்கும் அடியைப் பாருங்கள். முன்னால் நின்று தட்டிப் பழகியவனுக்கு அது வராது. உண்மையான டபுள்ஸுக்கும் முழுக் கோர்ட்டுக் கால் வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். 15 வயது வரை வாரத்தில் ஆறு நாள் பயிற்சி என்றால் நாலு நாள் முழுக் கோர்ட்டில் சிங்கிள்ஸ். காக் இல்லாமல் ஆறு மூலைக்கும் கால்வேலை, ஒரு செட்டுக்கு 20 அசைவு, ஆறு செட், நடுவே ஒரு நிமிட ஓய்வு. வேகத்தைவிட ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்புகிறானா என்பதைக் கவனியுங்கள். கிளியர் சோதனையை மாதம் ஒருமுறை வைத்துப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். உள்ளூர் டோர்னமென்ட் ஆடியே தீர வேண்டும் என்றால் சம வயதுப் பார்ட்னரோடு, பகலில், மர கோர்ட்டிலோ மேட் விரித்த கோர்ட்டிலோ ஆடட்டும்.

வயதைக் குறைப்பது

செய்யாதீர்கள். பேட்மிண்டன் சங்கப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பிறந்து பல வருடம் கழித்துப் பதிந்த சான்றிதழ் என்றாலே சந்தேகக் கண்தான். பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் 1 என்று போட்டுவிட்ட பழைய பழக்கமும் இங்கே வந்து கடிக்கும். ஜூனியர் பிரிவுகளுக்குப் பிறந்த ஆண்டைத்தான் பார்க்கிறார்கள், மாதத்தை அல்ல. டிசம்பரில் பிறந்த பிள்ளை, அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவனோடுதான் மோதியாக வேண்டும்.

இனிஷியல்

பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும், ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, சங்க அடையாள எண்ணில் வேறு ஸ்பெல்லிங். நம் ஊரில் இது ரொம்பச் சகஜம். பத்து வயதிலேயே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

பேட்டில் 30 பவுண்டு கட்டிங்

டிவியில் ஆடுகிறவர் பேட்டின் நரம்பை 30 பவுண்டு இழுவையில் கட்டுகிறார் (அதுதான் கட்டிங்) என்று பிள்ளையும் கேட்கும், கடைக்காரரும் போட்டுக் கொடுப்பார். இழுவை ஏற ஏற பேட்டின் நரம்பு வலையின் நடுவில் நன்றாக அடிபடும் இடம் சுருங்கும். காக்கைத் தள்ளும் வேலையை வலை செய்யாது, கைதான் செய்ய வேண்டும். மணிக்கட்டும் முன்கையும் முற்றாத பிள்ளை தோளைப் போட்டு அடிக்க ஆரம்பிக்கும், முழங்கையில் வலி வரும். தொடங்குகிறவர்களுக்கு 20–22, இரண்டு மூன்று வருடம் ஒழுங்காக ஆடியவர்களுக்கு 24–25 போதும். அதற்கு மேல் போக வேண்டுமானால் பேட்டின் தண்டிலோ கைப்பிடிக்கு மேலுள்ள கோனிலோ அச்சிட்டிருக்கும் உச்ச அளவை முதலில் படியுங்கள். நரம்பும் அப்படித்தான். 0.65 மி.மீ. மெல்லிசு 'டங்' என்று சத்தம் கொடுக்கும், சீக்கிரம் அறுந்தும்விடும். மாதாமாதம் கட்டிங் போட வசதியில்லாதவர்களுக்கு பிஜி 65 மாதிரி 0.70 மி.மீ. நரம்பே நல்லது.

நரம்பு அறுந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போடக் கூடாது. ஒரு பக்கம் இழுவை போய், மறுபக்கம் அப்படியே நிற்பதால் ஃபிரேம் கோணிக்கொள்ளும். அங்கேயே கத்தரியை எடுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி எல்லா நரம்பையும் வெட்டிவிட வேண்டும். பேட்டைச் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு மத்தியானம் வந்து எடுக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

காக்கின் வேகத்தைப் பார்க்காமல் வாங்குவது

சூடான காற்றில் காக் வேகமாகப் போகும். டப்பாவில் 76, 77, 78 என்று இருக்கும். எண் கூடினால் வேகம் கூடும். நம் ஊர் வெயிலுக்கு 76 சரியாக இருக்கும். 78-ஐ வாங்கி ஆடினால் கிளியர் எல்லாம் வெளியே விழும், பிள்ளை தன்னையறியாமல் அடியைக் குறைத்துக்கொள்ளும். சோதிக்க வழி விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது: கடைசிக் கோட்டின் மேலிருந்து, கீழ்க்கை வீச்சில், பக்கக்கோட்டுக்கு இணையாக, மேல்நோக்கி முழு பலத்தோடு அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 530 மி.மீ. முதல் 990 மி.மீ. முன்னால் விழுந்தால் வேகம் சரி. நைலான் காக்கில் பச்சை வளையம் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம்.

பூப்பந்துக் கையோடு வருவது

பூப்பந்தாட்டம் (கம்பளிப் பந்தில் ஆடும் பால் பேட்மிண்டன்) பிறந்த மண் தஞ்சாவூர். இங்கே நிறையப் பள்ளிகளில் பி.டி. சாரே பழைய பூப்பந்து ஆட்டக்காரர். அதனால் கால் வேகம், பந்தைக் கணிக்கும் கண் எல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கும். சிக்கல் கையில். அங்கே அடிப்பது 27–30 கிராம் கம்பளிப் பந்து. இங்கே காக் 4.74 முதல் 5.50 கிராம்தான். அந்தப் பிடியோடு, தோளிலிருந்து இழுத்து அடித்தால் காக் பாதியில் நின்றுவிடும். பேட்டைக் கைகுலுக்குவது போலப் பிடித்து, முன்கையை உருட்டி, காக் படும் நொடியில் மட்டும் விரலை இறுக்க வேண்டும். மூன்று மாதம் சுவரில் டிரைவ் (தரைக்கு இணையாகத் தட்டையாக அடிப்பது) அடித்தால் மாறும். அந்த மூன்று மாதமும் பூப்பந்து பேட்டைத் தொடக்கூடாது, பள்ளி அணி கூப்பிட்டாலும்.

ஓடும் ஷூ

குதிகால் உயர்ந்து, மெத்தென்று இருக்கும். பக்கவாட்டில் கால் வைத்தால் கணுக்கால் புரளும். தரையைப் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகமுள்ள கம் சோல் ஷூ வாங்குங்கள்.

அவசர வெளிநாட்டுப் பயணம்

சர்வதேசப் போட்டிகளில் கீழ்ப்படியான ஃபியூச்சர் சீரிஸ் ஒன்றில் பட்டம் வென்றால் 1700 தரவரிசைப் புள்ளி. இன்டர்நேஷனல் சேலஞ்ச் பட்டத்துக்கு 4000, சூப்பர் 300-க்கு 7000, சூப்பர் 1000-க்கு 12000. உலகத் தரவரிசைக்குக் கடைசி 52 வாரத்தின் சிறந்த பத்து முடிவுகளை எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு போட்டிக்கு நிலத்தை அடகு வைத்துப் போய், முதல் சுற்றில் தோற்று, பேஸ்புக்கில் 'இன்டர்நேஷனல் பிளேயர்' என்று போட்டுக்கொள்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அகில இந்திய ரேங்கிங் போட்டிகளில் தகுதிச் சுற்றைத் தாண்டி மெயின் டிராவுக்குள் (முதன்மைச் சுற்றுக்குள்) வழக்கமாக வர ஆரம்பித்த பிறகு, ஒரு வருடத்துக்கு ஐந்தாறு போட்டிக்கு மொத்தமாகப் பணம் ஒதுக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

பவுடர், இருமல் மருந்து

ஊக்கமருந்துச் சோதனையில் தெரியாமல் சாப்பிட்டேன் என்றாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையதுதான். ஜிம் கடை டப்பாவும் வேண்டாம், பெயரில்லாத லேகியமும் வேண்டாம். சாதாரணச் சளி மருந்தைக்கூட டாக்டரிடம் விளையாட்டு வீரர் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் இறங்கி நேரே ஆடுவது

ராத்திரி ரயிலில் உட்கார்ந்தே போய், விடியற்காலை எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷனிலேயே பல் தேய்த்துவிட்டு ஒன்பது மணி தகுதிச் சுற்றுக்கு நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு மாநிலப் போட்டியிலும் உண்டு. ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, மூன்று மாதப் பயிற்சியை முதல் ஆட்டத்திலேயே தொலைப்பார்கள். முந்தின நாள் பகலிலேயே கிளம்புங்கள். சாயங்காலம் அரங்கத்துக்குப் போய், அனுமதித்தால் அரை மணி நேரம் தூக்கி அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் நின்றால் காக் தள்ளிப் போகிறது, எந்தப் பக்கத்து விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் மறுநாள் டாஸ் ஜெயித்ததும் எந்தப் பக்கம் கேட்பது என்று தெரியும்.