1234567891011… தொடரில் n-ஆவது இலக்கம்: ஒன்று தள்ளிப்போன பிழையைச் சரிசெய்தது

எண்ணும் எண்களை இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டே போனால் வரும் தொடர் இது. 1933-இல் கணிதவியலாளர் சாம்பர்நவுன் ஆராய்ந்த மாறிலியின் (0.1234567891011…) தசம இலக்கங்களும் இவையே. 1000-ஆவது இலக்கம் 3. என் நிரல் 7 என்றது.

கையால் போட்டுப் பார்த்தேன். ஓரிலக்க எண்கள் 9 இடம், ஈரிலக்க எண்கள் 90×2 = 180 இடம், ஆக 189. மீதி 811. அதை அப்படியே 3-ஆல் வகுத்தால் ஈவு 270, மீதி 1. முதல் மூவிலக்க எண்ணான 100-உடன் ஈவைக் கூட்டினால் எண் 370. மீதி 1 என்பதால் அதன் 7-ஐ நிரல் எடுத்தது. தவறு இங்கேதான்: இடங்களை 1-இலிருந்து எண்ணுகிறோம், மீதியோ 0-இலிருந்து தொடங்குகிறது. வகுக்கும் முன் 1 கழித்தால் 810. ஈவு 270, மீதி 0. 370-இன் முதல் இலக்கம் 3.

இந்தப் பிழையில் எண்கூட மாறிப்போகும். 192-ஆவது இடம் 100-இன் கடைசி 0. கழிக்காவிட்டால் 101-இன் முதல் 1 கிடைக்கும். அதனால் 9, 10, 189, 190, 192 ஆகிய இடங்களைக் கட்டாயம் சோதியுங்கள்.

இன்னொன்று: எட்டிலக்கம் வரை மொத்தம் 78,88,88,889 இடங்கள். அதைத் தாண்டினால் ஒன்பதிலக்கத் தொகுதியின் அளவு 810 கோடி. குறியுள்ள 32 பிட் மாறியில் அது அடங்காமல் எதிர்மமாகிவிடும், தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழிக்கும் சுழற்சியும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. 64 பிட்டாக்கினேன், சரியானது.