யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன்

முதலில் இலையைப் பாருங்கள். நெல் நடவு முடிந்த 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலையில், பத்துப் பயிர்களில் நன்றாக விரிந்த மேல் இலையை இலை வண்ண அட்டையோடு, அதாவது வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டையோடு, ஒப்பிடுவேன். இலைமேல் வெயில் விழாமல் என் நிழலை மறைப்பாக வைத்துக்கொள்வேன். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு, பத்தில் ஆறு இலையாவது 3-க்குக் கீழே இருந்தால்தான் யூரியா.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். தேங்கிய நீரில் வீசினால் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகும். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகிப் பூமியைச் சூடாக்கும். கொஞ்சம் நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அதனால் நீரை வடித்துவிட்டுத் தூவுங்கள்.

அப்புறம், நடவுக்கு முன்பே ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துவைத்திருக்கும்.