படகை வாங்கி உடைக்கும் திட்டம்: கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

மகளின் பல்கலைக்கழக இடுபணிக்காகப் போன மாதம் மூன்று இரவு கண் விழித்தேன். மீன் குறைந்துபோன கடலில் அரசு காசு கொடுத்துப் படகுகளைக் குறைக்கிறதே, அந்தத் திட்டங்களால் பலன் உண்டா என்பதுதான் தலைப்பு. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்து, அட்டவணையை நானே போட்டுக் கொடுத்தேன். விரிவுரையாளர் அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கேள்விக்குறி எதற்கு என்று புரியவே எனக்கு இரண்டு இரவு போனது. நீங்கள் அத்தனை நேரம் வீணாக்க வேண்டாம்.

விரிதாளுக்கு லிப்ரே ஆபிஸ் போதும், எக்ஸெலுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. கைப்பேசியில் மட்டும் செய்யாதீர்கள். உண்மையில் முதல் சுற்றைக் கட்டம் போட்ட நோட்டில் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும். சூத்திரம் போட்டதும் வந்த எண்ணை மனசு கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறது.

படி 1: எதை வாங்குகிறார்கள்?

அட்டவணையில் படகு, லைசென்ஸ், வலை என்று மேலிருந்து கீழாக மூன்று பத்திகள் போடுங்கள். படகை உடைத்துவிட்டு லைசென்ஸை உரிமையாளர் கையிலேயே விட்டால், அடுத்த வருடம் அதே லைசென்ஸில் புதுப் படகு வந்து நிற்கும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் 2003-ல் 91 இழுவைப் படகுகளை விலக்கியபோது அவற்றின் மீன்பிடி உரிமங்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் மீன்வளச் சட்டம் 1985-ன்படி படகு, வலை இரண்டுக்குமே லைசென்ஸ் வேண்டும். ஆகவே மலேசியத் திட்டம் எதைப் படித்தாலும் இரண்டையும் தேடுங்கள்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள பாக் நீரிணைக்காக இந்தியாவில் 2017-ல் தொடங்கிய திட்டம் இந்தப் பத்திகளுக்குள் அடங்காது. இழுவைப் படகைக் கைவிடுகிறவருக்கு ஆழ்கடல் படகு கிடைக்கும். தொடங்கியபோது ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. இதில் படகு குறைவதில்லை, வேறு கடலுக்குப் போகிறது. அதற்கு "மாற்று" என்று நான்காவதாக ஒரு பத்தி போட்டேன்.

படி 2: நிரந்தரமா, தற்காலிகமா?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கொடுக்கும் நிவாரணம் தற்காலிகம். படகு அப்படியே இருக்கும். கனடா கொஞ்சம் குழப்பும். 1992 ஜூலை 2-ல் நியூஃபவுண்ட்லாந்தின் வட காட் (cod) என்ற மீனைப் பிடிப்பதை இரண்டு வருடத்துக்கு என்று சொல்லி நிறுத்தினார்கள். வேலை இழந்தவர்கள் சுமார் 30,000 பேர். வாரம் 225 கனடா டாலரில் தொடங்கியது உதவித்தொகை. அந்த இரண்டு வருடம் 2024 வரை நீண்டது! அறிவிப்பில் எழுதிய காலத்தை ஒரு பத்தியிலும் நடந்த காலத்தை இன்னொன்றிலும் போடுங்கள்.

படி 3: படகை எண்ணாதீர்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். கற்பனைக்கு ஒரு துறைமுகத்தில் 100 படகுகள் என்று வைத்துக்கொள்வோம். 60 படகுகள் மாதம் 20 நாள் கடலுக்குப் போகின்றன. மற்ற 40-ம் பழசு, மாதம் 5 நாள் போனால் அதிகம். அரசு, "யார் குறைந்த விலை கேட்கிறீர்களோ அவர்களிடம் வாங்குகிறோம்" என்கிறது. முதலில் ஓடி வருவது யார்? அந்தப் பழைய 40-தான்.

நான் 40 விழுக்காடு குறைந்துவிட்டது என்று எழுதினேன். கேள்விக்குறி அதற்குத்தான். படகு-நாள் கணக்கில், அதாவது படகுகளை அவை கடலுக்குப் போகும் நாட்களால் பெருக்கிப் பாருங்கள். முன்பு 60 × 20 = 1,200, 40 × 5 = 200, ஆக 1,400. போனது 200 மட்டும். குறைந்தது சுமார் 14 விழுக்காடு.

இன்னும் முடியவில்லை. போட்டி குறைந்ததே என்று மிச்சமிருக்கும் 60 படகுகளும் மாதம் 24 நாள் போகத் தொடங்கினால்? 60 × 24 = 1,440. அரசு 40 படகுகளை வாங்கி உடைத்த பிறகு, பழையதைவிட அதிகம்! இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்து ஒரு தே தாரே கலக்கிக் குடித்தேன்.

இதற்கு வழி உண்டா என்றால் உண்டு. படி 1-ல் சொன்ன அமெரிக்கப் படகுகளை ஏலம் வைத்துத்தான் வாங்கினார்கள், அதில் கேட்ட விலையை மட்டும் பார்க்கவில்லை. படகு பிடித்த மீனின் மதிப்போடு ஒப்பிட்டு, எது மலிவோ அதை எடுத்தார்கள். நன்றாக மீன் பிடிக்கும் படகும் உள்ளே வர அதுதான் காரணம். ஹாங்காங் வேறு வழியில் போனது. காசு கொடுத்ததோடு, 2012 டிசம்பர் 31 முதல் தன் கடலில் இழுவை வலையையே சட்டத்தால் தடை செய்துவிட்டது. கூடுதல் நாள் இழுக்க அங்கே யாரும் மிச்சமில்லை. எனக்கு ஹாங்காங் வழிதான் பிடித்திருக்கிறது. ஆனால் தன் கடல் முழுக்கத் தடை போட எல்லா அரசுக்கும் துணிச்சல் வராது.

படி 4: காசு யாருடையது?

சின்னப் படி. அமெரிக்காவின் அந்த 91 படகுகளுக்கு ஆன சுமார் 4.6 கோடி டாலரில் 3.6 கோடி கடன். தொழிலில் மிஞ்சியவர்கள் கரையிறக்கும் மீனிலிருந்து கட்டணமாகக் கழித்து அடைக்க வேண்டியது. போட்டி குறைந்ததால் லாபம் அவர்களுக்குத்தானே, அதனால் எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

படி 5: மறு கையைப் பாருங்கள்

ஒரு கையால் படகை வாங்கும் அரசு மறு கையால் எண்ணெய்க்கு மானியம் கொடுக்கிறதா? 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோதும் மீனவர்களுக்கு 1.65 தான். அதைக் குறை சொல்ல மாட்டேன், பினாங்கின் பத்து மாவுங் என்ற ஊரில் சிறு படகு வைத்திருப்பவருக்கு அதுதான் உயிர். ஆனால் அட்டவணையில் அது இல்லாவிட்டால் கணக்கு பாதிதான். உலக வர்த்தக அமைப்பின் மீன்வள மானிய ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீனினத்தைப் பிடிக்க மானியம் கூடாது என்கிறது அது. அந்த இனத்தை மீட்பதற்கான மானியத்துக்கு விலக்கு உண்டு.

பின்சேர்க்கை 1: "படகில் வேலை செய்தவருக்கு என்ன கிடைத்தது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் அதற்குப் பத்தியே போடவில்லை. வாங்கும் பணம் பெரும்பாலும் உரிமையாளருக்குத்தான் போகிறது. ஹாங்காங்கில் உள்ளூர்ப் படகுத் தொழிலாளருக்கும் ஒருமுறை உதவித்தொகை தந்தார்கள். இப்போது "ஆள்" என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

பின்சேர்க்கை 2: தெலுக் பஹாங்கிலிருந்து இன்னொருவர் எழுதியது: "அண்ணே, நாள் மட்டும் எண்ணினால் எப்படி? பக்கத்துப் படகுக்காரர் இன்ஜின் மாற்றினார், அதே இருபது நாளில் டபுள் மீன்." சரிதான். படகு-நாளை இன்ஜினின் குதிரைத்திறனாலும் பெருக்கிக்கொள்ளுங்கள். மகள் இடுபணியை ஏற்கெனவே கொடுத்துவிட்டாள், இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.