கேபிளிலிருந்து இணையத் தொலைக்காட்சிக்கு: முதலில் தாளும் பேனாவும்

கேபிளை விட்டுவிட்டு இணையம் வழியே டிவி பார்க்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே கருவி வாங்கக் கடைக்குப் போகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

படி 1: யார் எதைப் பார்க்கிறார்கள்?

ஒரு வாரம் குறித்துவையுங்கள். அம்மாவுக்கு இரவுத் தொடர்கள் போதும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எழுதிப் பார்த்தபோதுதான், விடியற்காலையில் உள்ளூர் கேபிள் சேனலில் வரும் கோயில் பூஜையை அவர் ஒருநாளும் தவறவிடுவதில்லை என்பது தெரிந்தது. அந்தச் சேனல் எந்தச் செயலியிலும் இல்லை. இப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

அடுத்து, ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கிறது என்று எதிரிலேயே எழுதுங்கள். சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்ட் செயலியில், விஜய் டிவி ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5இல். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாக நேரலையில் பார்க்கலாம். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்கள் இருக்கின்றன. சந்தாக்களைக் கூட்டிப் பாருங்கள். இணையக் கட்டணத்தையும் சேர்த்தால் கேபிள் கட்டணத்தைத் தாண்டுகிறதா? அப்படியானால் கேபிளிலேயே இருப்பதில் தவறே இல்லை.

படி 2: இணைய வேகம்

தெளிவான எச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், அதைவிடத் துல்லியமான 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். இது ஒரு டிவிக்கான கணக்கு. எச்.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை டேட்டா செலவாகலாம், நாளைக்கு 2 ஜி.பி. தரும் செல்பேசித் திட்டம் ஒரு படத்துக்குக்கூடத் தாங்காது. வீட்டுக்குக் கம்பிவழி வரும் ஃபைபர் இணைப்பே சரி. ரவுட்டரை டிவி இருக்கும் அறையிலேயே வையுங்கள்.

படி 3: இணைத்தல்

ஸ்மார்ட் டிவி என்றால் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். பழைய எல்.இ.டி. டிவியின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சாதாரண டிவியிலும் செயலிகளை ஓடவைக்கும் ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற சிறு கருவி ஒன்றைச் செருகலாம். அதற்கான மின்சாரத்தை டிவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காமல், உடன் வரும் அடாப்டரிலிருந்தே கொடுங்கள். மின்சாரம் போதாவிட்டால் கருவி அடிக்கடி அணைந்து எழும்.

படி 4: பெரியவர்களுக்குப் பழக்குதல்

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. கேபிளில் டிவியைப் போட்டவுடன் ஏதோ ஒன்று ஓடும். இங்கே ஒவ்வொரு முறையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். வயதானவர்களை இதுதான் மிரட்டுகிறது. அவர்களுக்கு வேண்டிய இரண்டு செயலிகளை முகப்பில் முதலில் வையுங்கள். ரிமோட்டில் முகப்புப் பொத்தான்மேல் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டுங்கள். எங்கே தொலைந்துபோனாலும் அதை அழுத்தினால் திரும்பி வந்துவிடலாம் என்ற தைரியம் அவர்களுக்கு வர வேண்டும். ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் அழுத்திக் காட்டாதீர்கள்.

படி 5: ஒரு மாதம் இரண்டும்

அதற்குள் கேபிளை நிறுத்தாதீர்கள். இணையம் அறுந்தால் எல்லாமே நின்றுவிடும். அப்போதைக்கு, மாதச் சந்தா இல்லாமல் டிஷ் ஆன்டெனா வழியே சேனல்களைத் தரும் டிடி ஃப்ரீ டிஷ் நல்ல மாற்று ஏற்பாடு. மாதம் முடிந்தும் யாரும் கேபிளைத் தேடவில்லை என்றால் கேபிள்காரரிடம் சொல்லுங்கள். செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.