மோன் பிளாங்கைச் சுற்றிப் பத்து இரவுகள்: மலைக்குடில்களில் படுக்கை பிடிக்கும் முறை

நானும் என் மனைவியும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மோன் பிளாங் மலையைச் சுற்றி நடந்துவிட்டு வந்ததிலிருந்து, பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது கால் வலித்ததா என்றுதான். கால் வலி மூன்றாம் நாளில் பழகிப்போயிற்று. எங்களை உண்மையில் வாட்டியது, புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிய படுக்கைக் கணக்குதான். எந்த இரவு எந்தக் குடிலில் (நடப்பவர்களுக்குப் படுக்கையும் சாப்பாடும் தரும் மலை விடுதி) தங்குவது என்ற அந்தக் கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டு, மூன்றாம் முறைதான் சரியாகப் போட்டேன். முதல்முறை போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாதையைப் பற்றிச் சுருக்கமாக. சுமார் 170 கிலோமீட்டர். ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர் வரும். பிரான்சில் ஷமொனிக்கு அருகிலுள்ள லே ஊஷ் கிராமத்தில் தொடங்கி, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்து வழியாகத் திரும்பவும் லே ஊஷுக்கே வந்து சேரலாம். சிகரம் 4,800 மீட்டருக்கும் மேல். ஆனால் நாம் கடக்கும் மிக உயரமான கணவாய்கள் 2,665 மீட்டர்தான். கோடை நடுவில் கயிறோ பனிக்கோடரியோ தேவைப்படாது. பெரும்பாலானோர் மலை எப்போதும் இடப்பக்கம் இருக்கும்படி நடக்கிறார்கள்; நீங்களும் அப்படியே நடங்கள். இந்த மலையின் உச்சியில் மனிதர் முதன்முதலில் கால் வைத்தது 1786-இல். அதற்கும் முன்பே, 1767-இல், ஜெனிவாவின் இயற்கை அறிஞர் ஓராஸ் பெனெடிக்ட் தெ சோசூர் இதைச் சுற்றி வந்துவிட்டார். உச்சிக்குப் போகாமல் சுற்றி மட்டும் வருவதில் ஒரு குறையும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

உயரத்தில் உள்ள குடில்கள் பெரும்பாலும் ஜூன் நடுவில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடிவிடும். ஜூன் கடைசி வரை, சில ஆண்டுகளில் ஜூலை தொடக்கத்திலும், போனோம், ஃபூர் கணவாய்களில் பழைய பனி கிடக்கும். காலையில் அது கல்போல இறுகியிருக்கும். சரிந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. என் தேர்வு செப்டம்பரின் முதல் பத்து நாட்கள். பனி போயிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், பகலும் போதிய நீளம் இருக்கும். ஆகஸ்ட் கடைசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இதே மலையைச் சுற்றிப் புகழ்பெற்ற ஓட்டப்பந்தயம் நடக்கும் நேரம் அது. ஷமொனிப் பக்கம் அறை கிடைப்பதே அரிது.

படி 2: ஒரு நாளில் எவ்வளவு நடக்க முடியும்?

கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். ஆல்ப்ஸ் நாடுகளில் நடைநேரத்தைக் கணக்கிடப் பலரும் கையாளும் முறை இது: சமதரையில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தையும் ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தையும் தனித்தனியே கண்டுபிடியுங்கள். பெரியதை முழுதாகவும் சிறியதில் பாதியையும் கூட்டுங்கள்.

லே கோன்டமினிலிருந்து குருவா து போனோம் குடிலுக்குப் போகும் நாளை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 13 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,300 மீட்டர். ஏற்றத்துக்கு நாலேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தூரத்துக்கு மூன்றேகால், அதில் பாதி ஏறக்குறைய ஒன்றரை. ஆக ஆறு மணி நேரம். சாப்பாடு, படம் எடுத்தல், மூச்சு வாங்குதல் எல்லாம் இதில் சேராது. எங்களுக்கு எட்டு மணி நேரம் ஆயிற்று. முதல் நாள் கணக்குக்கும் உங்கள் உண்மையான நேரத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொண்டால், மற்ற நாட்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

படி 3: குடில் பதிவு

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் இரவு, இரண்டாம் இரவு, மூன்றாம் இரவு என்று வரிசையாகப் பதிவு செய்துகொண்டே போனேன். ஐந்தாம் இரவுக்கு வந்தபோது அந்தத் தேதியில் இடமில்லை. சரி, எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிப் போடலாம் என்று பார்த்தால், தள்ளிய தேதியில் இரண்டாம் இரவுக்கு இடமில்லை. ஏற்கெனவே கட்டிய முன்பணத்தில் கொஞ்சம் போயே போயிற்று.

ஒரு சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்தது என்று பார்த்து அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தச் சுற்றில் மெலிந்த கண்ணிகள் இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று, லே கோன்டமினுக்கும் இத்தாலியின் கூர்மையோருக்கும் இடையே. அங்கே ஊர் என்று சொல்லத்தக்கது இல்லை. குருவா து போனோம், லே ஷாப்பியூ, மோத்தே, எலிசபெட்டா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தங்குமிடங்களே உண்டு. மற்றொன்று, கூர்மையோரைத் தாண்டிய ஃபெரே பள்ளத்தாக்கு. பெர்த்தோனே, பொனாட்டி, எலெனா ஆகிய மூன்று குடில்களையும்தான் எல்லோரும் நாடுகிறார்கள். பொனாட்டியின் வாசலில் நின்றால் எதிரே கிராண்ட் ஜொராஸ் மலையின் பாறைச் சுவர் முழுதாகத் தெரியும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுவதற்கு அதுவே போதும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் குடில்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். மேலே பன்னிரண்டு, பதின்மூன்று தேதிகளை எழுதுங்கள். எலிசபெட்டாவிலும் பொனாட்டியிலும் எந்தெந்தத் தேதிகளில் இடமிருக்கிறது என்று பார்த்துப் பென்சிலால் கட்டங்களை நிரப்புங்கள். இவை இரண்டுக்கும் நடுவே கூர்மையோரில் ஓர் இரவு வரவேண்டும். பொருந்தும் தேதிகள் கிடைத்த பிறகு, பின்னோக்கிப் போய்க் குருவா து போனோமைப் பாருங்கள். மூன்றும் பொருந்திய பிறகே பணம் கட்டுங்கள், அதுவரை எங்கும் கட்டாதீர்கள். கூர்மையோர், லா ஃபூலி, ஷாம்பே போன்ற ஊர்களைக் கடைசிக்கு விடுங்கள். அங்கே விடுதிகள் பல உண்டு. பஸ்ஸும் ஓடுவதால் அடுத்த ஊருக்குப் போயாவது படுக்கலாம்.

எங்களுக்குக் கடைசியில் அமைந்த வரிசை: லே கோன்டமின், குருவா து போனோம், எலிசபெட்டா, கூர்மையோர், பொனாட்டி, லா ஃபூலி, ஷாம்பே, ட்ரியான், ட்ரே லெ ஷான், ஃபிளெஜேர். பத்து இரவுகள், பதினோரு பகல்கள். மூன்றாம் நாள் மட்டும் கொஞ்சம் கடுமை. முடிந்தால் கூர்மையோரில் இன்னோர் இரவு சேர்த்துக்கொள்ளுங்கள். மழையோ முழங்கால் வலியோ வந்தால் அந்த ஒரு நாள் கைகொடுக்கும்.

பல குடில்களை ஒரே இணையதளத்தில் பதிவு செய்யலாம். சிலவற்றுக்குத் தனியே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நீண்ட கடிதம் வேண்டாம். தேதி, ஆட்கள் எண்ணிக்கை, பொதுக்கூடப் படுக்கை, இரவு உணவும் காலை உணவும் சேர்த்து என்ற நான்கு தகவல் போதும். முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே தேடத் தொடங்குங்கள். இடமில்லை என்றால் மே, ஜூன் மாதங்களில் மறுபடி பாருங்கள்; குழுக்கள் ரத்து செய்யும் படுக்கைகள் திரும்ப வரும். இன்னொரு வேண்டுகோள்: திட்டம் மாறினால் கட்டாயம் போன் செய்து சொல்லுங்கள். நீங்கள் வராத படுக்கை இன்னொருவருக்குப் போகவேண்டியது. இருட்டிய பிறகும் வராதவர்களைப் பற்றிக் குடில்காரர் கவலைப்படவும் செய்வார்.

படி 4: குடிலுக்குள்

வாசலில் காலணி அறை இருக்கும். ஈரக் காலணிகளை அங்கேயே அலமாரியில் வைத்துவிட்டு, கூடையில் கிடக்கும் ரப்பர் செருப்பில் ஒரு சோடியை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். எங்கள் முதல் உயரக் குடிலில், குடில்கார அம்மையார் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் எங்கள் பெயரைத் தேடிப் பென்சிலால் ஒரு சரி போட்டார். கட்டில் எண்ணையும் மேசை எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். நூறு பேர் பசியோடு வந்து சேரும் இடத்தில் ஒரு குழப்பமும் இல்லை. மாலை ஏழு மணி வாக்கில் எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு. பத்து மணிக்குள் விளக்கு அணைந்துவிடும்.

மெத்தையும் கம்பளியும் தருவார்கள். உறைபோலத் தைத்த படுக்கை விரிப்பு நம்முடையதாக இருக்க வேண்டும். பட்டில் தைத்தது 150 கிராம்கூட வராது. பருத்தியைவிட அதையே வாங்குங்கள். காதடைப்பான் மறக்காதீர்கள். பணத்தைத் தாளாகவும் வைத்திருங்கள். அட்டை எல்லா இடத்திலும் செல்லாது. சுவிஸ் பகுதிக்குப் பிராங்க் கொஞ்சம் வேண்டும்.

சைவ உணவுக்காரர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்த பின் சொன்னால் சமையல் முடிந்திருக்கும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடக்கூடும். பிரெஞ்சில் ‘ஸான் வியாந்த், ஸான் ப்வாஸோன்’, இத்தாலியில் ‘செந்ஸா கார்னே, செந்ஸா பெஷே’ என்று சொல்லுங்கள்: கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று பொருள். இத்தாலியப் பக்கம் மக்காச்சோள மாவைக் களிபோலக் கிண்டி, உருகிய பாலாடைக்கட்டி ஊற்றித் தரும் பொலெந்தா நாள் முழுக்க நடந்த உடம்புக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது.

படி 5: மூட்டை, வழி, வானிலை

தண்ணீரோடு சேர்த்து எட்டுக் கிலோவுக்குள் கட்டுங்கள். இரண்டு ஊன்றுகோல்கள் கட்டாயம். கடைசி நாள் பிரெவான் உச்சியிலிருந்து லே ஊஷுக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஒரே இறக்கம். கோல் இல்லாதவர்கள் வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதைப் பார்த்தேன். போன் வரைபடம் வசதிதான், ஆனால் முழுச் சுற்றும் ஒரே தாளில் அடங்கும் 1:50,000 வரைபடத்தையே நான் நம்புகிறேன். செய்ன் கணவாயில் (2,516 மீட்டர்) மூடுபனி இறங்கியபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குளிரில் விரைத்த விரலுக்குத் தொடுதிரை அசையவே இல்லை. தாள்தான் எங்களை இத்தாலிக்குள் இறக்கிவிட்டது.

பிரான்சில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பட்டைகள் வழியைக் காட்டும். அவையே பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டிருந்தால் தவறான வழி, திரும்பிவிடுங்கள். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் பலகையில் நடைநேரம் எழுதியிருக்கும்.

கோடையில் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிடுங்கள். முடியாமல் போனால் வெட்கப்படாமல் பஸ் ஏறுங்கள்: கூர்மையோரிலிருந்து சுரங்கப்பாதை வழியாக ஷமொனிக்கும், லா ஃபூலி, ஷாம்பே இரண்டிலிருந்தும் சுவிட்சர்லாந்தின் ஓர்சியேர் ஊருக்கும் பஸ் உண்டு. ஆபத்துக்கு மூன்று நாடுகளிலும் 112.

பிற்சேர்க்கை 1: இத்தாலியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் போகும் கிரான் கோல் ஃபெரே கணவாயைத் தாண்டியதும் போன் கட்டணம் எகிறிவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லும் இணையத் திட்டம் சுவிட்சர்லாந்தில் செல்லும் என்ற உறுதி இல்லை. வாங்கும் முன் பாருங்கள். இல்லையென்றால் கணவாய்க்கு முன்பே தரவை அணைத்துவிடுங்கள். விசா அப்படியல்ல: மூன்று நாடுகளும் ஷெங்கனுக்குள் இருப்பதால் ஒரே விசா போதும்.

பிற்சேர்க்கை 2: சைவம் என்று சொல்லியும் சூப்பில் எலும்புச் சாறு இருந்ததாக இன்னொருவர் வருந்தியிருந்தார். பலர் அதைக் கறியாகக் கருதுவதில்லை. சூப்புக்கு மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 3: ட்ரே லெ ஷானைத் தாண்டி வரும் இரும்பு ஏணிகளைப் பற்றி அஞ்சிப் பலர் கேட்கிறார்கள். பாறையில் உறுதியாகப் பொருத்திய ஏணிகள், கைப்பிடிகள். செங்குத்தாக ஏற வேண்டும். உயரம் தலைசுற்றும் என்றாலோ, மழை பெய்து இரும்பு நனைந்திருந்தாலோ, மோன்தே கணவாய் வழியாகச் சுற்றிப் போங்கள். என் மனைவி அந்த வழியில்தான் வந்தார். ஃபிளெஜேர் குடிலில் எனக்கு முன்பே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.